தாயகம் நோக்கித் தனியே பறந்த ஹிங்க்ளர்

நமது சங்கத்தின் ஆண்டு விழா மலருக்குப் புகழ்பெற்ற ஒருவரது வாழ்க்கை வரலாற்றை எழுதித் தருமாறு மலர்க் குழுவினர் நம்மைப் பணித்தனர். வள்ளுவரையும் கம்பரையும் பாரதியாரையும் பற்றி எழுத வல்ல புலமையாளர் நம் குடியிருப்பில் பலர் உளர். நம்முடையதோ பார்சல் ரசீதும் சரக்குப் பதிவேடும் எழுதிப் பழகிய கை. இருபது ஆண்டுகளுக்கு மேலாகப் பிறர் ஊருக்கு அனுப்பும் மூட்டைகளை எடை போட்டுச் சீட்டு ஒட்டுவதே நமது தொழில். ஆதலின், ஊர் திரும்பிய ஒருவரின் கதையையே இம்மலருக்கென எடுத்துக்கொண்டோம்.

அவர் தமிழர் அல்லர், இந்தியரும் அல்லர். ஆயினும் 1928ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில், நாம் இன்று குடியிருக்கும் இக்கான்பூர் மண்ணில் தமது சிறு விமானத்தை இறக்கி, இங்கிருந்து மீண்டும் எழும்பிக் கல்கத்தாவை நோக்கிப் பறந்தவர். இங்கிலாந்திலிருந்து ஆஸ்திரேலியா வரை தன்னந்தனியாக விமானம் ஓட்டிச் சென்ற முதல் மனிதர் அவரே. பெர்ட் ஹிங்க்ளர் என்பது அவர் பெயர். ஒரு காலத்தில் உலகச் செய்தித்தாள்கள் அனைத்திலும் விளங்கிய அப்பெயரை இன்று நம் இளைஞர்களில் அறிந்தவர் சிலரே. அவர்தம் வரலாற்றைச் சுருக்கமாக இங்கே தருகின்றோம்.

பிறப்பும் இளமையும்

ஆஸ்திரேலியாவின் கிழக்குக் கரையில் குவீன்ஸ்லாந்து மாநிலத்தில் பண்டபெர்க் என்றோர் ஊர் உண்டு. கரும்பு விளையும் ஊர். சர்க்கரை ஆலைகளால் பெயர் பெற்ற ஊர். அங்கே 1892 டிசம்பர் 8ஆம் நாள் ஹெர்பர்ட் ஜான் லூயி ஹிங்க்ளர் பிறந்தார். தந்தையார் பிரஷ்ய நாட்டில் பிறந்து, கடல் கடந்து வந்து குடியேறியவர். தாயார் பிரான்சஸ் அம்மையார். பிழைப்பு நாடி வேற்று மண்ணுக்கு வந்த குடும்பம் அது என்பதை நம் போன்றோர் சிறப்பாகக் கருதுதல் வேண்டும்.

அவர் படித்த பள்ளியின் அருகே ஒரு நீர்நிலை இருந்தது. அரிவாள் மூக்கன் என்று நம் ஊர் வயல்களில் நாம் காணும் பறவையின் இனத்தைச் சேர்ந்த பறவைகள் அங்கே கூட்டமாக வந்து இரை தேடும். மற்றச் சிறுவர்கள் பறவைகளைக் கல்லெறிந்து விரட்டும் வயதில், அவை எவ்வாறு எழுகின்றன, எவ்வாறு இறக்கையை மடக்காமல் காற்றில் மிதக்கின்றன, எவ்வாறு இறங்குகின்றன என்று இவர் உற்று நோக்கிக்கொண்டிருப்பார். அப்பறவைகளே அவருடைய முதல் ஆசிரியர்கள். கல்லூரிப் படிப்பு அவருக்கு வாய்க்கவில்லை. மரத்தையும் துணியையும் கொண்டு, இயந்திரமில்லாத மிதவை விமானங்களைத் தம் கையாலேயே கட்டினார். 1912ஆம் ஆண்டில், ஊருக்கு அருகிலுள்ள மோன் ரெப்போ என்னும் கடற்கரை மணல் மேட்டிலிருந்து அத்தகைய ஒன்றில் ஏறிக் காற்றில் மிதந்தார். மோன் ரெப்போ என்பது பிரெஞ்சு மொழிப் பெயர். எனது இளைப்பாறுதல் என்பது அதன் பொருள். இப்பெயரை அன்பர்கள் நினைவில் இருத்திக்கொள்ள வேண்டுகின்றோம்.

சீமைக்குச் சென்றமை

ஊரில் விமானத் தொழிலுக்கு வழியில்லை. கற்க வேண்டுமாயின் கடல் கடக்க வேண்டும். ஆதலால் கப்பலில் கூலி வேலை செய்துகொண்டே ஹிங்க்ளர் இங்கிலாந்து போய்ச் சேர்ந்தார். அங்கே சோப்வித் விமானத் தொழிற்சாலையில் தொழிலாளியாக அமர்ந்தார். 1914ஆம் ஆண்டில் முதல் உலகப்போர் மூண்டது. கடற்படையின் விமானப் பிரிவில் சேர்ந்து, பின் இருக்கையில் துப்பாக்கி இயக்குபவராகப் பணியாற்றி, வீரப் பதக்கமும் பெற்றார். போர் முடியுமுன்னர் அவரே விமானியாகி இத்தாலிப் போர்முனையில் பறந்தார். எந்த இத்தாலி நாட்டின் மலைகளின்மீது அன்று அவர் பறந்தாரோ, அந்நாட்டு மலையொன்று பின்னாளில் அவருக்காகக் காத்திருந்தது. அதனைப் பிற்பகுதியில் சொல்வோம்.

போர் முடிந்தது. 1919ஆம் ஆண்டில் ஆஸ்திரேலிய அரசாங்கம் ஓர் அறிவிப்புச் செய்தது. இங்கிலாந்திலிருந்து முப்பது நாட்களுக்குள் ஆஸ்திரேலியாவுக்குப் பறந்து வரும் ஆஸ்திரேலியருக்குப் பதினாயிரம் பவுன் பரிசு என்பதே அது. ராஸ் ஸ்மித், கீத் ஸ்மித் என்னும் சகோதரர் இருவர், இரண்டு இயந்திரத் தொழிலாளரைத் துணைக்கொண்டு, இரட்டை இயந்திரம் பூட்டிய பெரிய விக்கர்ஸ் விமானத்தில் நவம்பர் 12ஆம் நாள் புறப்பட்டு டிசம்பர் 10ஆம் நாள் டார்வின் நகரை அடைந்து பரிசைப் பெற்றனர். அவர்களுக்குப் பின் 1920இல் ஒற்றை இயந்திர விமானத்தில் வந்த பேரர், மெக்கின்டாஷ் என்னும் இருவருக்கு அதே பயணம் ஏறக்குறைய ஏழு மாதம் பிடித்தது. அக்காலத்தில் அவ்வழி எத்துணை இடர் மிகுந்தது என்பதை இதனால் உணரலாம்.

ஹிங்க்ளருக்குப் பெரிய விமானம் வாங்கப் பணமில்லை. கிடைத்தது ஆவ்ரோ பேபி என்னும் மிகச் சிறிய விமானம். அதன் இயந்திரம் 35 குதிரைத் திறனே உடையது. அதனை எடுத்துக்கொண்டு 1920 மே 31ஆம் நாள் ஊர் நோக்கிப் புறப்பட்டார். இலண்டனிலிருந்து இத்தாலியின் டூரின் நகர் வரை 655 மைல் தூரத்தை, வழியில் எங்கும் இறங்காமல் ஒன்பதரை மணி நேரத்தில் கடந்தார். அத்தகைய சிறு விமானம் அவ்வளவு தூரம் பறந்தது வியப்புக்குரிய செய்தி. ஆனால் அதற்கு அப்பால் செல்ல இயலவில்லை. சிரியா நாட்டில் அப்போது போர் நடந்துகொண்டிருந்ததால் வழி அடைபட்டுக் கிடந்தது. அவர் இங்கிலாந்துக்கே திரும்பினார்.

பின்னர் அவ்விமானத்தைக் கப்பலில் ஏற்றிக்கொண்டு சிட்னி துறைமுகத்துக்குச் சென்றார். 1921 ஏப்ரல் 11ஆம் நாள் சிட்னியிலிருந்து பண்டபெர்க் வரை 800 மைல், ஏறக்குறைய ஒன்பது மணி நேரம் இறங்காமல் பறந்து தாயின் ஊரை அடைந்தார். ஊரார் மகிழ்ந்தனர். ஆயினும் அவர் உள்ளத்தில் ஒரு குறை இருந்திருத்தல் வேண்டும். வானவழியே வீடு திரும்ப எண்ணியவர் பாதி வழியைக் கப்பலில் அன்றோ கழித்தார்?

எட்டாண்டுப் பொறுமை

மீண்டும் இங்கிலாந்து சென்று ஆவ்ரோ தொழிற்சாலையில் சோதனை விமானியாகப் பணி ஏற்றார். புதிதாகக் கட்டப்படும் விமானங்களை முதலில் ஏறி ஓட்டிப் பார்த்துக் குறைகளைக் கூறுவது சோதனை விமானியின் வேலை. உயிரைப் பணயம் வைக்கும் அவ்வேலையில் அவர் பல்லாண்டு இருந்தார். அத்தொழிற்சாலையின் வரைவாளர் ராய் சாட்விக் என்பார் 1926ஆம் ஆண்டில் ஏவியன் என்னும் புதிய சிறு விமானத்தை உருவாக்கினார். அதன் முதல் மாதிரியை ஓட்டிச் சோதித்தவர் ஹிங்க்ளர். அந்த முதல் மாதிரியையே பின்னர் அவர் தமக்கென விலைக்கு வாங்கினார்.

இத்தகைய சிறு விமானங்கள் எவ்வாறு தோன்றின என்பதையும் இங்கே கூறுதல் பொருந்தும். போர் முடிந்தபின் ரெனோ என்னும் எட்டு உருளை இயந்திரங்கள் ஏராளமாக எஞ்சிக் கிடந்தன. அவற்றை வாங்குவார் இல்லை. ஃபிராங்க் ஹால்ஃபோர்டு என்னும் பொறியாளர் அவ்வியந்திரத்தில் ஒரு பாதியை மட்டும் எடுத்து, நான்கு உருளைகளோடு ஒரு புதிய இயந்திரத்தை அமைத்தார். சிரஸ் என்பது அதன் பெயர். உருளைகளைக் குளிர்விக்க நீர் வேண்டுவதில்லை. வீசும் காற்றே போதும். நீரின் எடையும் குழாய்களின் எடையும் இல்லாமையால் விமானம் இலகுவாயிற்று. நூறு குதிரைத் திறனை எட்டாத அவ்வியந்திரமே ஏவியன் விமானத்தில் பூட்டப்பட்டது. இறக்கைகளை மடித்துச் சிறு கொட்டகையில் நிறுத்திவிடலாம். ஓட்டுபவர் திறந்த இருக்கையில், தலைக்கு மேல் கூரையின்றி, காற்றையும் மழையையும் முகத்தில் ஏற்று அமர்ந்திருப்பார். பழைய இரும்பைப் பாதியாக வெட்டிப் புதுவழி கண்ட இக்கதையை, பணிமனைகளில் பணிபுரியும் நம் அன்பர்கள் மற்றெவரினும் நன்கு சுவைப்பர் என்று நம்புகின்றோம்.

1927ஆம் ஆண்டில் அவ்விமானத்தில் இலண்டனிலிருந்து லாட்வியாவின் ரீகா நகர் வரை 1,200 மைலை ஒரே மூச்சில் பறந்து, அதன் ஆற்றலை அளந்துகொண்டார். பிறகே நெடும்பயணத்துக்குத் துணிந்தார். 1920இல் தடைப்பட்ட பயணத்தை 1928இல் தொடங்கினார். இடைப்பட்ட எட்டாண்டுகளும் வீண்போகவில்லை.

பதினைந்தரை நாள்

1928 பிப்ரவரி 7ஆம் நாள் விடியற்காலையில் இலண்டனுக்கு அருகிலுள்ள குராய்டன் விமான நிலையத்திலிருந்து ஹிங்க்ளர் புறப்பட்டார். வழியனுப்பப் பெருங்கூட்டம் இல்லை. முழக்கம் இல்லை. வழிகாட்ட வானொலி இல்லை. சாதாரண நிலப்பட ஏட்டின் தாள்களும் திசைகாட்டியுமே துணை. ரோமாபுரி, மால்ட்டா, டோப்ருக், பாலஸ்தீனத்தின் ராம்லே, பாஸ்ரா, பாரசீகக் கரையின் ஜாஸ்க் என்று ஒவ்வொன்றாகக் கடந்து, அன்று பிரிவுபடாத இந்தியாவின் வாயிலாக இருந்த கராச்சியை அடைந்தார்.

பகலெல்லாம் பறக்க வேண்டும். மாலையில் இறங்கியபின் ஓய்வு இல்லை. துணைக்கு ஆளில்லாமையால் இயந்திரத்தைத் தாமே சோதித்து, எண்ணெயிட்டு, பெட்ரோலை நிரப்பி, மறுநாள் வழியைக் கணக்கிட்டபின்னரே கண்ணயர வேண்டும். ஓட்டுநரும் அவரே, பணிமனைத் தொழிலாளியும் அவரே, நிலைய அதிகாரியும் அவரே. ஒரு ரயில் ஓடுவதற்கு எத்தனை பேர் விழித்திருக்க வேண்டும் என்பதை நாம் அறிவோம். அத்தனை பேரின் வேலையையும் ஒருவரே செய்தார் என்றால் அது எளிய செயலா?

கராச்சியிலிருந்து கான்பூர் ஏறக்குறைய 800 மைல். பாலையும் புஞ்சையும் கடந்து கங்கைச் சமவெளியை அவர் அடைந்தார். அக்காலத்து விமானிகளுக்கு ஆறுகளும் இருப்புப் பாதைகளுமே மேலிருந்து காணும் வழிகாட்டிகள். நாள்தோறும் நாம் கடந்து செல்லும் தண்டவாளங்கள் ஒருகால் அவர் கண்ணிலும் பட்டிருக்கலாம் என்று எண்ணும்போது உள்ளம் சிலிர்க்கின்றது. இங்கிருந்து கல்கத்தா, ரங்கூன், பர்மாவின் தென்கோடியில் உள்ள விக்டோரியா முனை, சிங்கப்பூர், சாவகத்தின் பாண்டுங், சும்பாவா தீவின் பீமா என்று தொடர்ந்தார்.

இறுதிக் கட்டமே கடினமானது. பீமாவிலிருந்து டார்வின் நகர் ஏறக்குறைய 870 மைல். அதில் பெரும்பகுதி கடல். ஒற்றை இயந்திரம் நின்றால் இறங்க இடமில்லை. பிப்ரவரி 22ஆம் நாள் மாலை டார்வினில் அவர் இறங்கினார். ஸ்மித் சகோதரர் நால்வராக 28 நாளில் கடந்த வழியை, ஹிங்க்ளர் தனியொருவராகப் பதினைந்தரை நாளில் கடந்தார். கடந்த தூரம் 11,000 மைலுக்கும் மேல்.

டார்வின் நகரம் ஆஸ்திரேலிய மண்தான். வெற்றி அங்கேயே முடிந்துவிட்டது. ஆனால் அவர் அங்கே நிற்கவில்லை. மனிதர் அருகிய உள்நாட்டு வெளிகளின்மீது மேலும் பறந்து, பிப்ரவரி 27ஆம் நாள் பண்டபெர்க் வந்து சேர்ந்தார். நாட்டுக்கு வந்தது 22ஆம் நாள். வீட்டுக்கு வந்தது 27ஆம் நாள். இவ்விரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை, சென்னை சென்ட்ரலில் இறங்கியபின் ஊருக்குச் செல்லும் பேருந்துக்காகக் காத்து நிற்கும் நம்மினும் நன்கு அறிந்தவர் யார்?

புகழும் அதன்பின்னும்

நாடு முழுவதும் அவரைக் கொண்டாடிற்று. ஆஸ்திரேலிய அரசாங்கம் 2,000 பவுன் பரிசளித்தது. விமானப் படையில் கௌரவப் பதவியும் வந்தது. ஊர்தோறும் வரவேற்புகள் நடந்தன. உருவில் சிறியவர், பேச்சில் அடக்கமானவர், தனியே செல்வதையே விரும்பியவர் ஆகிய அவரைத் தனித்துப் பறக்கும் கழுகு என்று மக்கள் அழைத்தனர்.

ஆனால் வரவேற்பு ஒன்று, வேலை மற்றொன்று. மாலைகள் வாடியபின் அவர் மீண்டும் இங்கிலாந்துக்கே சென்றார். அவர் அறிந்த தொழில் அங்கேதான் இருந்தது. சவுதாம்ப்டன் நகரில் அவர் வாழ்ந்த வீட்டுக்கு மோன் ரெப்போ என்று பெயரிட்டிருந்தார். பன்னீராயிரம் மைலுக்கு அப்பால் முதன்முதலாகக் காற்றில் மிதந்த கடற்கரையின் பெயரை, அயல்நாட்டு வீட்டு வாயிலில் எழுதி வைத்திருந்தார். நம் குடியிருப்பில் நடந்து செல்லுங்கள். எத்தனை வாயிற்படிகளில் காவிரியும் பொருநையும் பிறந்த ஊர்ப் பெயர்களும் எழுதப்பட்டுள்ளன! அவர் செய்ததும் அதுவே.

நீரிலும் நிலத்திலும் இறங்கவல்ல புதிய விமானம் ஒன்றை 1930இல் கட்டினார். சிறு வயதில் தமக்குப் பாடம் கற்பித்த அரிவாள் மூக்கன் பறவையின் ஆங்கிலப் பெயரையே அதற்கு இட்டார். உலகெங்கும் வணிகம் வீழ்ந்திருந்த காலம் அது. வாங்குவார் எவரும் இல்லை. ஒன்றே ஒன்றோடு அம்முயற்சி நின்றது. பொருளும் போயிற்று.

எனினும் அவர் சோர்ந்திலர். 1931ஆம் ஆண்டில் கனடாவில் பஸ் மாத் என்னும் சிறு விமானத்தைப் பெற்று, நியூயார்க்கிலிருந்து ஜமைக்காவுக்கு இறங்காமல் பறந்து, தென் அமெரிக்கா சென்று, பிரேசில் கரையிலிருந்து தென் அட்லாண்டிக் பெருங்கடலைத் தனியே கடந்து ஆப்பிரிக்காவை அடைந்தார். அக்கடலை அவ்வாறு தனியே கடந்த முதல்வர் அவரே. டிசம்பர் 7ஆம் நாள் இலண்டன் சேர்ந்தார். விமானிகள் பலர் இதனை 1928ஆம் ஆண்டுப் பயணத்தினும் பெரிய சாதனையாகக் கருதுவர்.

இறுதிப் பயணம்

அவர் காட்டிய வழியில் பலர் பறந்தனர். 1930இல் ஏமி ஜான்சன் என்னும் இளம்பெண் தனியே பறந்து 19 நாளில் டார்வின் சேர்ந்தார். பின்னர் வந்தோர் அக்கால அளவைக் குறைத்துக்கொண்டே வந்தனர். 1932இல் அது ஒன்பது நாளுக்கும் கீழே வந்துவிட்டது. தாம் வகுத்த வழியில் மீண்டும் முன்னிற்க விரும்பினார் ஹிங்க்ளர். வயது நாற்பது. 1933 ஜனவரி 7ஆம் நாள், அதே பஸ் மாத் விமானத்தில், எவருக்கும் பெரிதாக அறிவிக்காமல் இலண்டனிலிருந்து புறப்பட்டார்.

அதன்பின் செய்தி இல்லை. வாரங்கள் சென்றன, திங்கள்கள் சென்றன. ஏப்ரல் 27ஆம் நாள், பனி உருகியபின், இத்தாலியில் டஸ்கனி நாட்டுப் பிராத்தோமாஞோ மலைச்சரிவில் உடைந்த விமானமும் அவரது உடலும் காணப்பட்டன. இத்தாலிய அரசு முழு இராணுவ மரியாதையுடன் ஃபுளோரன்ஸ் நகரில் அவரை அடக்கம் செய்தது. இன்றும் அவர் அங்கேயே உறங்குகின்றார்.

இவ்விடத்தில் நம் வாழ்வில் நேர்ந்த ஒன்றைக் கூற அன்பர்கள் பொறுத்தருள வேண்டும். ஒன்பது ஆண்டுகளுக்கு முன் ஓர் இரவில், நம் தந்தையார் மறைந்தார் என்று ஊரிலிருந்து தொலைபேசிச் செய்தி வந்தது. கையில் கிடைத்த சட்டையோடு ரயில் ஏறினோம். இரண்டு இரவு கடந்து ஊர் சேர்ந்தபோது ஈமக்கடன்கள் முடிந்திருந்தன. திண்ணையில் அவருடைய கைத்தடி மட்டும் சாத்தியிருந்தது. ஆயிரக்கணக்கான மூட்டைகளைக் காலத்தில் ஊர் சேர்த்த நாம், நம்மைக் காலத்தில் சேர்த்துக்கொள்ள முடியவில்லை. அன்றிலிருந்து தூரம் என்பதை மைலால் அளக்கும் வழக்கத்தை விட்டோம், நாளால் அளக்கின்றோம். 28 நாளைப் பதினைந்தரை நாளாகக் குறைத்த மனிதரைப் பற்றி ஒரு பழைய நூலில் படித்தபோது, அவர் நமக்கு அயலாராகத் தோன்றாததன் காரணம் இதுவே.

முடிவுரை

ஹிங்க்ளர் ஊர் திரும்பவில்லை. ஆனால் அவர் உடைமைகள் ஒவ்வொன்றாகத் திரும்பின. 1928இல் அவர் ஓட்டிய ஏவியன் விமானம் பிரிஸ்பேன் நகரில் குவீன்ஸ்லாந்து அருங்காட்சியகத்துக்கு உரியதாயிற்று. சவுதாம்ப்டனில் அவர் வாழ்ந்த வீடு இடிக்கப்படவிருந்தபோது, 1983ஆம் ஆண்டில் பண்டபெர்க் மக்கள் அதனைச் செங்கல் செங்கலாகப் பிரித்துக் கப்பலில் கொண்டுசென்று, தம் ஊர்ப் பூங்காவில் மீண்டும் கட்டினர். மோன் ரெப்போ என்னும் அவ்வீடு, மோன் ரெப்போ கடற்கரையுள்ள ஊருக்கே வந்து சேர்ந்தது.

இன்னும் ஒரு செய்தி உண்டு. இளமையில் அவர் கட்டிய மிதவை விமானத்தின் சிறு மரத்துண்டு ஒன்று அமெரிக்க விண்வெளி வீரர்களுக்கு அன்பளிப்பாகக் கொடுக்கப்பட்டது. 1986 ஜனவரி 28ஆம் நாள் வெடித்துச் சிதறிய சேலஞ்சர் விண்கலத்தில் அது இருந்தது. எழுவர் உயிரிழந்த அவ்விபத்தின்பின் கடலிலிருந்து மீட்கப்பட்ட பொருள்களில் அம்மரத்துண்டும் இருந்தது. அதுவும் பண்டபெர்க் திரும்பி, இன்று அவர் பெயரால் அமைந்த விமானக் காட்சிக்கூடத்தில் உள்ளது.

நம் குடியிருப்பில் பிறந்து வளரும் பிள்ளைகளுக்கு ஊர் என்பது கோடை விடுமுறையில் காணும் இடமாக இருக்கலாம். அவர்கள் இதனினும் தூரமான நாடுகளுக்கும் செல்வர், செல்லட்டும். சென்ற இடத்தில் ஹிங்க்ளரைப் போல் தொழிலைக் கசடறக் கற்கட்டும். ஆனால் வீட்டு வாயிலில் எழுதும் பெயரை மறவாதிருக்கட்டும். பெற்றோர் இருக்கும்போதே, பெரிய காரணம் ஒன்றும் இல்லாமலே, ஒருமுறை ஊர் சென்று வரட்டும். சங்கத்தின் விழா நாளில் நாம் அவர்களிடம் கேட்பது இவ்வளவே.